எலிப்பொறி பூட்டிய வண்டி

என்னதான் சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் அந்தப் பலகையை விட்டுக் கருவாட்டு வாடை போகவில்லை. எங்கள் வீட்டுக் குதிருக்கடியில் வருஷக்கணக்காகக் கிடந்து, எத்தனையோ எலிகளின் கதையை முடித்த பொறி அது. 'கையால தள்ளக் கூடாது, எண்ணெய் ஊத்தக் கூடாது, எலிப்பொறிக் கம்பிச்சுருளில் இருக்கிற விசை ஒன்றுதான் இழுக்க வேண்டும், அப்படி ஒரு வண்டி செய்துகொண்டு வாருங்கள்' என்று எங்கள் பௌதிக ஆசிரியர் சூசை சார் சொன்னபோது வகுப்பே சிரித்தது. நான் மட்டும் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தேன். எலியைக் கொல்லுகிற சாமான் வண்டி இழுக்கும் என்பதை அன்றுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. சாணார்பட்டிப் பக்கம் எங்கள் ஊர்; கொஞ்சம் மல்லிகையும் கொஞ்சம் கனகாம்பரமும் போட்டிருந்தோம். அப்பா இருட்டோடு பூக்கூடையை ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் போய்விடுவார், நான் அடுத்த பஸ்ஸில் பள்ளிக்கூடத்துக்குப் போவேன். கல்யாண வீடுகளுக்கு 'மைக்செட்டு' வாடகைக்கு விடுகிற கடையில் கெஞ்சி வாங்கிய கீறல் விழுந்த இசைத்தட்டுகள் என் வண்டிக்குச் சக்கரமாயின; சைக்கிள் சக்கரத்துக் கம்பி அச்சாயிற்று; பொறியின் கம்பியோடு ஒரு குடைக்கம்பியைச் சேர்த்துக் கட்டி அதற்கு நீளமான கை ஒன்று வைத்தேன். அதைக் கட்டுகிற அவசரத்தில் பொறி 'பட்'டென்று என் ஆள்காட்டி விரலில் அடித்து நகம் கறுத்துப் போனதில் இரண்டு நாள் சோற்றைக்கூட இடது கையால்தான் தின்றேன். நூலுக்கு எங்கும் போகவேண்டியிருக்கவில்லை, பூக்கட்டுகிற வீட்டில் வாழைநாருக்கா பஞ்சம்! நாரின் ஒரு நுனியைக் குடைக்கம்பியில் கட்டிவிட வேண்டும். மறு நுனியை அச்சில் கட்டக் கூடாது, தளர்வான சுருக்காக மாட்டிச் சுற்ற மட்டுமே வேண்டும். நார் முழுதும் பிரிந்ததும் சுருக்கு தானாகக் கழன்று விழும், அப்புறம் வண்டி விட்ட வேகத்திலேயே இன்னும் நெடுந்தூரம் ஓடும் என்பது சார் சொல்லித் தந்த சூத்திரம்.

ஆனால் வண்டியைவிடப் பெரிய கவலை ஒன்று அப்போது வீட்டில் இருந்தது. எனக்கு மூத்த அண்ணன் எஸ்.எஸ்.எல்.சி. தேறி, பம்பாயில் மில் வேலை என்று திண்டுக்கல் ஸ்டேஷனில் ரயிலேறியவன், முதல் வருஷம் கடிதம் போட்டான், பிறகு அதையும் நிறுத்திவிட்டான். அம்மா அழுது பார்த்தாள். அப்பா அழவில்லை, என் பக்கம் திரும்பினார். பத்தாம் வகுப்போடு போதும், 'டி.சி.' வாங்கிவிடப் போகிறேன் என்றார். "படிச்சவன் ரயிலேறுனா ஏறுனதுதான். இருக்கிறதையும் ஏத்திவிட என்னால ஏலாது" என்பதற்குமேல் அவரிடம் பேச்சு கிடையாது. எனக்கோ படிப்பு என்றால் உயிர். சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் இரண்டுமுறை ஆள்விட்டுச் சொல்லியும் அப்பா மசியவில்லை.

வண்டிகளை ஓடவிட்டுப் பார்க்கும் நாள் வந்தது. எந்த வண்டி அதிகத் தூரம் போகிறதோ அதற்கு முதல் பரிசு. பள்ளிக்கூடத்து நீளத் தாழ்வாரத்தில் எல்லோரும் கூடியிருக்க, வண்டியைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தவன் அப்படியே உறைந்துவிட்டேன். தாழ்வாரத்தின் நடுத்தூணருகே, வெறும் பூக்கூடையைக் கையில் பிடித்தபடி அப்பா நின்றிருந்தார். டி.சி.க்குத்தான் வந்திருக்கிறார் என்று சொல்லவும் வேண்டுமா? சூசை சார் ஓடிப்போய், செத்த நேரம் இருங்கள், பையன் செய்ததைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று அவரை நிறுத்தி வைத்திருந்தார். பிள்ளை ஜெயிப்பதைப் பார்த்தால் மனம் மாறும் என்பது சாருடைய நம்பிக்கை, என்னுடையதும் அதுதான். அச்சில் நார் எப்படி மாட்டியிருக்கிறது என்று பார்க்கக்கூடத் தோன்றாமல் மளமளவென்று சுற்றிப் பொறியை விட்டேன்.

வண்டி கிளம்பியது. எனக்கு முன் விட்ட ஒருவனுடையது குப்புறக் கவிழ்ந்திருந்தது, இன்னொன்று நாலு முழம் போய் நின்றிருந்தது. என்னுடையது சத்தமில்லாமல் அப்பாவைத் தாண்டி, அடுத்த தூணையும் தாண்டிப் போனது. பையன்கள் கத்தினார்கள். அப்புறம் அது தயங்கியது, நின்றது, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்பக்கமாக உருளத் தொடங்கியது. யாரும் தொடாமல், யாரும் கூப்பிடாமல், போன வழியே வந்து அப்பாவின் காலடியில் நின்றது என் வண்டி. தொலைந்தது படிப்பு என்று நினைத்தேன்.

சார் குனிந்து பார்த்துவிட்டு, சுருக்கு கழலவில்லை, ஓடுகிற அச்சு நாரை எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டு பொறியை மறுபடி இழுத்துவிட்டது, கணக்குப்படி இது தோல்விதான் என்று வருத்தத்தோடு சொன்னார். அப்பா அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தவர் என்னிடம் கேட்டார்:

"இதெ நீயா திரும்பி வரவச்ச?"

"இல்லப்பா. அவுந்து போயிருக்கணும். அவுராம அதுவா வந்துருச்சு."

"அதுவாத்தான வந்துச்சு?"

"ஆமாப்பா."

"அது போதும்" என்றார். பிறகு சாரைப் பார்த்து, "இருக்கட்டும் சார். இவன் படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்துவிட்டார். என்ன நடந்தது என்று சாருக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. பரிசு வேறொருவனுக்குப் போனதைக்கூட நான் மறுநாள்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அச்சைத் திருப்பிப் பார்த்தேன். சுருக்கு இருந்த இடத்தில், பூக்கட்டும்போது போடுவார்களே அந்த முடிச்சு, ஈரத்தில் போட்டு உலர்ந்து கம்பியைக் கவ்விப் பிடித்திருந்தது. அம்மாவிடம் கேட்டேன். அவள் அரும்பு தொடுப்பதை நிறுத்தாமலே, "லொடலொடன்னு கெடந்துச்சுப்பா. போற வழியில அவுந்துரும்னு நாந்தேன் தண்ணி தொட்டு இறுக்கிவிட்டேன்" என்றாள்.

படித்தேன். நானும் ரயிலேறி வடக்கே ஓர் இரும்பாலையில் முப்பது வருஷத்துக்குமேல் வேலை பார்த்தேன். அப்பா இருந்தவரை ஒரு பொங்கலுக்கும் ஊருக்கு வரத் தவறியதில்லை. அண்ணன் கடைசிவரை வரவேயில்லை. இப்போது எங்கள் பூந்தோட்டம் இருந்த இடத்தில் வீடுகள். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தைப் பிரித்து வகுப்பறைகளாக்கிவிட்டார்கள். மரப்பலகைப் பொறி கேட்டால் கடைக்காரர் பசை தடவிய அட்டை ஒன்றை எடுத்து நீட்டுகிறார். அண்மையில் பேத்திக்கு விசை, அச்சு என்று விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குத் திடீரென்று உறைத்தது. சார் சொன்னபடி அந்தச் சுருக்கு கழன்றிருந்தால் என் வண்டி தாழ்வாரத்தின் கடைசிச் சுவரையே தொட்டிருக்கும். அப்பா கண்ணெதிரே அது, அண்ணன் ஏறிய ரயிலைப் போல, திரும்பாமல் போய்க்கொண்டே இருந்திருக்கும். முதல் பரிசை ஒரு கையிலும் டி.சி.யை மறு கையிலும் வாங்கிக்கொண்டு அன்று மத்தியானமே நான் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேறியிருப்பேன்.