ராஜா பந்தியில் போட்ட இலை

முப்பத்தாறு வயது வரை கார்குழலி சுவரில் எழுதியதெல்லாம் அடுத்தவர் பெயர்தான். மூலக்குளத்தில் மில் தொழிலாளி ஒருவரின் இரண்டாவது பிள்ளை அவள். பத்தாவது முடித்ததும் போர்டு எழுதும் கடையில் சேர்ந்தாள். பால்வாடிச் சுவரில் யானை வரைவாள், பள்ளிக்கூடச் சுவரில் தலைவர்களை வரைவாள். கீழே மூலையில் நன்கொடை கொடுத்தவர் பெயர் இருக்கும், அவள் பெயர் இருக்காது.

அதனால்தான் ராமலிங்கம் தவளக்குப்பத்தில் புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபத்துக்கு அவளைக் கூப்பிட்டபோது, "கீழ என் பேரு போட்டுக்கறேன் சார்" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். சாப்பாட்டுக் கூடத்தில் சோழ ராஜாவின் முடிசூட்டு விருந்தை வரைய வேண்டும். இருபத்து நாலு அடிச் சுவர், நாற்பத்தொரு நாள் வேலை. நடுவில் ராஜா, இந்தப் பக்கம் பதினொரு பேர், அந்தப் பக்கம் பதினொரு பேர். எல்லோரும் நம்மைப் பார்த்தபடி சம்மணம் போட்டிருப்பார்கள், ஆளுக்கொரு வாழையிலை. தக்காளியும் மிளகாயும் அந்தக் காலத்தில் நம் நாட்டில் கிடையாது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, ஒரு இலையிலும் சிவப்பு படாமல் பார்த்துக்கொண்டாள். கடைசி நாள் மூலையில் 'கார்குழலி, மூலக்குளம்' என்று எழுதிவிட்டு, நாலு முறை தள்ளிப் போய் நின்று பார்த்தாள்.

மண்டபம் திறந்த இருபதாம் நாள், முதன்முதலாகப் பதிவான கல்யாணமே நின்றுபோனது. ராமலிங்கத்தின் அக்கா அஞ்சலாட்சி சுவருக்கு நேரே வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"இன்னாடா தம்பி இது? எல்லா இலைக்கும் நுனி சோத்தாங்கை பக்கம் கீது. இது கருமாதிப் பந்திடா!"

சாப்பிடுகிறவரின் இடக்கைப் பக்கம் நுனி வர வேண்டும், சாவுக் காரியத்தில்தான் மாற்றிப் போடுவார்கள். இது தெரியாதவர் யார்? மேனேஜர் மதிவாணனுக்கு உடனே ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சாரத்தில் நின்றபடி அவள் போன் பேசினாள். ஹெல்மெட்டைக் கழற்றாத ஒரு ஆள் அவளுக்கு டீ வாங்கி வந்தான். வந்தது அவள் அண்ணன் அன்பழகன். ஆனால் மதிவாணன் கணக்கில் அவன் போட்டி மண்டபம் ஒன்று அனுப்பிய ஆள்.

"ஒரு இலைன்னா தப்புன்னு வுடலாம் சார். இருபத்து மூணும் தப்பா வருமா? தெரிஞ்சே செஞ்சது."

ராமலிங்கம் கார்குழலிக்குப் போன் போட்டார். "எல்லா இலையும் கருமாதி இலையா கீது. நாளைக்கு வந்து பதில் சொல்லு. இல்லனா உன் பேரோட சேத்து வெள்ளை அடிச்சிடுவேன். ஏன் அடிச்சேன்னு ஊருக்கும் சொல்லுவேன்."

கார்குழலி தன் செல்போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நுனி வலப்பக்கம்தான் இருந்தது. தன் கை மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"அவசரத்துல மாத்திப் போட்டுட்டியா?" என்றான் அன்பழகன்.

"எனக்கு என்னிக்குண்ணே அவசரம் இருந்தது?"

மறுநாள் மண்டபத்தில் காதுகுத்து. பந்தி பரிமாறும் அம்மாவாசை கையில் இலைக்கட்டோடு நின்றார்.

"யாரு சொல்லிச் செஞ்சே?" என்றார் அஞ்சலாட்சி.

"யாரும் சொல்லலைம்மா."

"அப்ப எங்க மேல உனக்கு இன்னா காண்டு?"

கார்குழலியின் கண் சுவரோரம் கிடந்த சாப்பாட்டு மேசைக்கும், அதற்கும் சுவருக்கும் நடுவே இருந்த நாற்காலிக்கும் போனது. சட்டென்று ஏதோ பிடிபட்டதுபோல் நிமிர்ந்தாள். "சார், ராஜாவுக்குக் கீழ அந்த நாற்காலில உக்காருங்க. சுவத்துக்கு முதுகு காட்டி."

ராமலிங்கம் நாற்காலியை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"அண்ணே, சாருக்கு இலை போடுங்க."

அம்மாவாசை யோசிக்கவே இல்லை. இலையை விரித்துத் தண்ணீர் தெளித்தார்.

"அம்மா, நீங்க அங்கியே நின்னு சொல்லுங்க. சார் இலைக்கு நுனி எந்தப் பக்கம்?"

"சோத்தாங்கை..." அஞ்சலாட்சி பாதியில் நிறுத்தினார். தம்பியின் இலையையும், அவர் தலைக்கு மேலே இருந்த ராஜாவின் இலையையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டுக்கும் நுனி ஒரே பக்கம்.

"அது உங்க சோத்தாங்கை. உக்காந்து சாப்பிடறவருக்கு?"

ராமலிங்கம் இடக்கையை நீட்டி நுனியைத் தொட்டார். "எனக்குப் பீச்சாங்கை பக்கம்தாங்க்கா கீது."

அஞ்சலாட்சி அம்மாவாசையிடம் திரும்பினார். "ஏன்யா, உனக்கும் இவளுக்கும் முன்னாடியே பழக்கமா?"

"எம்மா, இந்தப் பொண்ணு யாருன்னே எனக்குத் தெரியாது!"

அப்படியும் மனம் ஒப்பவில்லை. தம்பியை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்து, தன் கையாலேயே வேறு இலை போட்டு, மதிவாணனை எதிரே நிற்க வைத்தார்.

"அதே பக்கம்தாம்மா" என்றான் அவன், குரல் இறங்கி.

"அப்ப கல்யாணம் ஏன் நின்னுது?"

"அத மாப்ள ஊட்டுல கேளுங்கம்மா" என்றாள் கார்குழலி. அம்மாவாசை இலைக்கட்டால் வாயை மறைத்துக்கொண்டார்.

ராமலிங்கம் இறங்கி வந்தார். "பேரு இருக்கட்டும்மா. ஆனா வர்றவங்கள்லாம் நின்னுதானே பாப்பாங்க? ஒவ்வொருத்தரையும் உக்கார வெச்சா காட்ட முடியும்? இலைய மட்டும் திருப்பிடேன்."

"திருப்பினா அப்பதான் சார் அது கருமாதி."

பையிலிருந்து தூரிகையை எடுத்து, தன் பெயருக்குக் கீழே பத்து எண்களை ஒரே அளவில் நிதானமாக எழுதினாள்.

"என் போன் நம்பரு. யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னையே கேக்கட்டும்."

மதிவாணன் சுவரைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகத் தன் போனில் அழுத்தினான். அவள் பைக்குள் மணி அடித்தது.