மச்சானுக்கு வந்த காமாலை

சென்ற மாதம் சிதம்பரத்தில் ஒரு கிரகப்பிரவேசம். பந்தியில் என் பக்கத்தில் மச்சான், அதாவது மனைவியின் தம்பி. அவன் இலையில் வடை வைக்க வந்தவரின் கையைப் பெரியம்மா ஓடி வந்து தடுத்தார்.

“காமாலை வந்த ஒடம்புப்பா. எண்ணெய் ஆவாது.”

வடை என் இலைக்குத் திரும்பியது.

மச்சானுக்குக் காமாலை வந்ததே இல்லை. அதைக் கண்டுபிடித்தவன் நான்.

இரண்டு வருடம் முன்பு அவனுக்கு மனம் குழம்பிவிட்டது. ஒன்பது நாள். கம்பெனி சைரன் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதாகச் சொன்னான். டிவியைப் போர்வை போட்டு மூடினான். மனநல டாக்டரிடம் போனோம். மாத்திரை கொடுத்தார், தெளிந்துவிட்டான். பிறகு அவரே படிப்படியாக மாத்திரையைக் குறைத்து நிறுத்தினார்.

ஆனால் ஊருக்கு என்ன சொல்வது? சிப்காட்டில் வேலை. கல்யாணம் வேறு ஆகவில்லை. “நீங்கதான் எழுதுறவராச்சே... ஏதாவது சொல்லுங்க” என்றாள் மனைவி.

மஞ்சள் காமாலை என்றேன். மரியாதையான நோய். யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். கேட்கவும் இல்லை. கீழாநெல்லிதான் கட்டுக்கட்டாக வந்தது.

டாக்டர் மட்டும் எங்களிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். “சில பேருக்கு இது ஒரே தடவையோட போயிடும். சில பேருக்குத் திரும்ப வரும். யாருக்குன்னு இப்ப சொல்ல முடியாது. தூக்கத்தைப் பாத்துக்குங்க. அது கெட்டா உடனே வாங்க.”

கிரகப்பிரவேசத்தன்று பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் மச்சான் மெதுவாகச் சொன்னான். “மாமா, மூணு நாளா தூக்கமே இல்ல. நேத்து சைரன் அடிக்கறப்ப... என்னமோ சொல்ற மாதிரி இருந்துச்சு.”

பயந்துவிட்டேன். நிஜமாகவே பயந்துவிட்டேன்.

விசாரித்தால், இரண்டு வாரமாகத் தொடர்ந்து நைட் ஷிப்ட். போட்டவர் சூப்பர்வைசர் ஆரோக்கியம். இவன்மேல் உயிரையே வைத்திருப்பவர். பகலில் வெயில் ஜாஸ்தி, காமாலை உடம்பு தாங்காது, ராத்திரியில் குளிர்ச்சியாக இருக்கும் — இது அவர் கணக்கு. பாசத்தோடு போட்ட நைட் ஷிப்ட்.

“வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே?”

“ஏன்னு கேப்பாரு மாமா. என்னான்னு சொல்றது?”

யாரைத் திட்டுவது? பெரியம்மா அவன் எண்ணெயைக் காவல் காத்தார். ஆரோக்கியம் அவனை வெயிலிலிருந்து காப்பாற்றினார். எல்லோரும் அக்கறையாகத்தான் இருந்தார்கள்... நான் கொடுத்த நோயின் மீது.

மறுநாள் காலையே டாக்டரிடம் போனோம். சீக்கிரம் வந்தது நல்லது என்றார். மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார். மூன்றாம் நாள் மச்சான் நன்றாகத் தூங்கினான். சைரன் பழையபடி சைரனாக மட்டும் கேட்டது.

அந்த வாரமே கம்பெனிக்கு எதிரே உள்ள டீக்கடையில் ஆரோக்கியத்தைப் பார்த்தோம். உண்மை தெரிந்தால் வேலை நிலைக்குமா? வழியெல்லாம் அந்தக் கவலைதான். ‘அதாவது சார்... விஷயம் என்னவென்றால்...’ என்று நான் முன்னுரை ஆரம்பித்தேன். மச்சான் குறுக்கே புகுந்தான்.

“அண்ணே, எனக்கு வந்தது காமாலை இல்ல. மனசு கொழம்பிடுச்சு. தூக்கம் கெட்டா திரும்ப வரலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நைட் வேணாண்ணே.”

ஆரோக்கியம் டீயை முழுசாகக் குடித்து முடித்தார்.

“இத மொதல்லயே சொல்லியிருந்தா அப்பவே ஜெனரல் ஷிப்ட்டுல போட்டிருப்பனே. நாளைலேருந்து பகல்ல வா. தூங்கலன்னா எங்கிட்டயும் சொல்லு.” கடைக்காரரிடம் திரும்பினார். “தம்பிக்கு ரெண்டு பஜ்ஜி குடுங்க.”

பிறகு என்னைப் பார்த்தார். “காமாலைன்னு யாரு சொன்னது?”

“மாமாதான். பத்திரிகையில எழுதுறாரு.”

“அதானே பாத்தேன்” என்றார் ஆரோக்கியம்.

திரும்ப வருமா? தெரியாது. வராமலே போகலாம். வந்தால் முதலில் கண்டுபிடிக்க, அவன் கண்ணில் மஞ்சள் தேடாத ஆள் இன்னும் ஒருவர் சேர்ந்திருக்கிறார். எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

இதை எழுதலாமா என்று மச்சானிடம் கேட்டேன். பஜ்ஜியை மென்றபடி யோசித்தான்.

“எழுதுங்க மாமா. இந்த வாட்டியும் காமாலைன்னு போட்டுடாதீங்க.”