சிலோன் பாடி

கல்யாணமான புதிதில் மாமனார் என்னையும் மனைவியையும் ஆரணியில் சினிமாவுக்கு அழைத்துப் போனார். இலங்கையில் சண்டை மூண்டு, படகில் ஜனங்கள் வந்துகொண்டிருந்த எண்பதுகள். படமும் அந்தச் சங்கதிதான். உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி வந்த ஒரு பெரியவர் ஊரே மெச்ச வாழ்கிறார். அவருடைய மாப்பிள்ளை தோட்டத்தைக் கொத்த, எலும்புக்கூடு வருகிறது. அதற்குமேல் அந்த மாப்பிள்ளைக்குப் படத்தில் அதிக வேலையில்லை.

நான் களம்பூர் ரைஸ்மில் வீட்டுப் பிள்ளை. மாமனார் வீட்டுப் பட்டுத்தறியைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. இடைவேளையில் முறுக்குக் கடைக்குப் பின்னால் மாமனார் யாரிடமோ கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்.

“சிலோன் விஷயம் இன்னா ஆச்சு?”

“முள்ளிப்பட்டுலதாங்க கீது. பார்டர்ல கொஞ்சம் தகராறு. இப்போ பாடி முடிஞ்சிச்சு. நாளைக்கு அறுத்து, துணில சுத்தி எடுத்தாந்துடறேன்.”

“ஜல்தியா முடி. மாப்ளைக்குத் தெரிஞ்சா பேஜாராயிடும்.”

மாப்பிள்ளை என்றால் நான்தான். இடைவேளைக்குப் பிறகு படம் பார்க்கவில்லை. மாமனாரின் கைகளைத்தான் பார்த்தேன். பரம சாதுவான கைகள். அதுவே சந்தேகமாக இருந்தது.

விடிந்ததும் பையோடு கிளம்பினேன். களம்பூரில் தேடுவார்கள் என்று மூளையை உபயோகித்து, ஒருவரையும் தெரியாத சேத்துப்பட்டுக்கு பஸ் ஏறினேன். பஸ் கிளம்புவதற்குள் ஜன்னலடியில் மாமனார், பின்னால் மூச்சிரைக்க மனைவி.

“தெரிஞ்சிபோச்சுங்களா மாப்ளே?”

“தெ… தெரிஞ்சிபோச்சுங்க.”

“மறைச்சது தப்புதான். ஆனா அதுவும் நம்ம ரத்தங்க.”

“ரத்தமா!” நான் போட்ட கூச்சலில் பக்கத்து சீட்டு கூடைக்காரம்மா எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

“எங்க அண்ணன் பொண்ணுங்க. எப்டி உட்டுட முடியும்?”

“அதுக்காக அறுக்கறதா? பார்டர்ல தகராறு, பாடி முடிஞ்சிச்சுன்னு நேத்து என் காதால கேட்டேன்!”

மனைவிக்குத்தான் முதலில் விளங்கியது. “அய்ய! பொடவைய தறிலேர்ந்து அறுக்கறாங்க! பாடின்னா பொடவையோட நடு ஒடம்பு, பார்டருன்னா கரை. எங்க அப்பாவ கொலைகாரன்னு நெனச்சிகினா ஓடறீங்க?”

பஸ்ஸே சிரித்தது. மாமனார் சிரிக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி சொன்னார். அண்ணன் சிலோனில் வேறு சாதியில் கட்டிக்கொண்டவர். வீட்டில் அவர் பேச்சே எடுப்பதில்லை. சண்டையில் அவர் போய்விட்டார். மகள் அகதி முகாமில் இருக்கிறாள். அவள் கல்யாணத்துக்குத்தான் அந்தப் புடவை.

“உங்க ஊட்ல தெரிஞ்சா எம்பொண்ண திருப்பி அனுப்பிடுவாங்கன்னு…”

அப்போதுதான் மனைவியைப் பார்த்தேன். அவள் என் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கினேன்.

“கல்யாணத்துக்கு நாங்களும் வர்றோங்க. எங்கப்பா கிட்ட நான் சொல்லிக்கறேன்.”

வீரமாகத்தான் சொன்னேன். அப்பாவிடம் சொல்லியும்விட்டேன்: மில்லில், எல்லா மிஷினும் ஓடும்போது, அவர் முதுகுக்குப் பின்னால் நின்று. அவர் தவிட்டைத் தட்டிவிடத் தலையை ஆட்டினார். சம்மதம் என்று மாமனாருக்குச் சொல்லியனுப்பிவிட்டேன்.