சந்தை அன்றைக்கு வந்த காய்ச்சல்

"போன செவ்வாய்க்கிழமையிலேர்ந்து மோட்டார் ஓடல" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, மாடிப்படியிலிருந்து குரல் வருகிறது: "செவ்வாக்கெழமன்னு எப்டி சார் தெரியும்?" தண்ணீர் வராத வீட்டில் கேட்கிற கேள்வியா இது? எனக்குத் தெரியும், அவ்வளவுதான். ஷீபா விடமாட்டாள். "அன்னிக்கு வேற இன்னா நடந்துச்சு? யோசிச்சு சொல்லுங்க சார்." யோசித்துப் பார்த்தால் அது திங்கட்கிழமை. பால்காரர், சிலிண்டர் போடுகிறவர், என் மனைவி என்று யாரும் இந்த விசாரணைக்குத் தப்பியதில்லை. கச்சிராயபாளையத்தில் எங்கள் தெருக்காரர்கள் இப்போதெல்லாம் அவள் காதுபடக் கிழமை பேசுவதில்லை.

ஷீபா எங்கள் மாடி அறையில் குடியிருக்கும் ஆராய்ச்சி மாணவி. முப்பதை நெருங்குகிறாள். சொந்த ஊர் சங்கராபுரம் பக்கம். அப்பா செபாஸ்தியான் ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறார். அம்மா இஞ்ஞாசியம்மாள் அதே கரும்பை வெட்டப் போகிறார். மகள் பிஎச்.டி. செய்கிறாள். தொற்றுக் காய்ச்சல் ஒன்று ஊருக்குள் நுழைந்தால் எப்படிப் பரவும், எப்போது உச்சத்துக்குப் போகும், எதை நிறுத்தினால் அடங்கும் என்று புள்ளிவிவரங்களை வைத்துக் கணிப்பதுதான் அவள் ஆராய்ச்சி. குடிவந்த புதிதில், டாக்டருக்கா படிக்கிறாய் என்று கேட்டேன். "ஊசி போடற டாக்டர் இல்ல சார், எண்ணிப் பாக்கறவ" என்றாள்.

கீல் உடைந்த லேப்டாப்பைச் செங்கல்லில் சாய்த்து வைத்துத்தான் வேலை செய்வாள். உச்சி வெயிலிலும் ஜெர்கின் போட்டுக்கொள்வாள். டவுன் பஸ்ஸில் யாராவது இருமினால் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இவள் மட்டும் இருமியவர் பக்கம் திரும்பி, அவரை ஒட்டி யார் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பாள். கல்வராயன் மலைக்கு விவரம் சேகரிக்கப் போனால் முதல் வேலையாகப் பிள்ளைகளின் நெற்றியைத் தொடுவாள். அது அவளுடைய வணக்கம். ஒரு காலத்தில், அவள் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே பொடிசுகள் நெற்றியை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்குமாம். நான் பார்த்த வரிசை வேறு மாதிரி.

நடந்தது இதுதான். மலைமேல் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சந்தை கூடும். புளி, கடுக்காய், சாமை, தேன் எல்லாம் அங்கேதான் விலையாகும். போன வருஷம் தை மாதம் மலையில் காய்ச்சல் கடுமையாக இருந்தபோது ஷீபா வீடு வீடாகப் போய், காய்ச்சல் எந்த நாளில் தொடங்கியது என்று கேட்டு வந்தாள். கணக்கில் போட்டுப் பார்த்தால் வாரத்துக்கு ஒரு முறை, அதுவும் சந்தை நாளில், காய்ச்சல் செங்குத்தாக ஏறியது. ஒரு சந்தையில் தொற்றி, அடுத்த சந்தை நாளில் ஆளைப் படுக்க வைக்கிறது என்று அவளுடைய கணக்கு சொன்னது. ராத்திரி பகலாக அறிக்கை எழுதிக் கொடுத்தாள். அதிகாரிகள் படித்தார்கள். அவர்கள் படித்ததுதான் வினை. சந்தையை மூடிவிட்டார்கள், மாசி முடியும்வரை. புளி இறங்குகிற பருவம் அது. வியாபாரிகள் வாசலுக்கே வந்து, கேட்ட விலைக்குக் கொடு இல்லாவிட்டால் வைத்துக்கொள் என்று அள்ளிக்கொண்டு போனார்கள்.

காய்ச்சல் குறைந்தது. ஷீபாவுக்குச் சால்வை போர்த்தினார்கள். அந்தச் சால்வை எங்கள் மாடிக் கொடியில் காய்ந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

பங்குனியில் அவள் மறுபடி மலைக்குப் போனாள். பிச்சைமுத்து என்கிற பெரியவர் வீட்டில் புதுக் கன்று ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது. எப்போது பிறந்தது என்று பேச்சுக்குக் கேட்டிருக்கிறாள். "சந்தை அன்னிக்கிம்மா." பேத்தி கையில் கட்டு. எப்போது விழுந்தாள்? "அதுவும் சந்தை அன்னிக்கிதான்." சமையல்கட்டுக் கூரை சரிந்தது? சந்தை அன்றைக்கு. பிச்சைமுத்து பொய் சொல்லவில்லை. சந்தையை ஒட்டி முன்னே பின்னே எது நடந்தாலும் அங்கே அது சந்தை அன்றைக்கு நடந்ததுதான்; மற்ற கிழமைகளைத் தனியாக நினைவில் வைத்துக்கொள்ள யாருக்கும் தேவை இருந்ததில்லை. "அந்தக் கன்னுக்குட்டியப் பாத்துக்கினே உக்காந்துட்டேன் சார்" என்று பிறகு என்னிடம் சொன்னாள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. வீடு வீடாகத் திரும்பப் போய், அன்றைக்கு வேறு என்ன நடந்தது என்று வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தாள். காய்ச்சல் வாரம் முழுக்கச் சிதறிக் கிடந்தது. சந்தைப் பக்கமே போகாத வீடுகளிலும் அதே அளவு இருந்தது. சந்தையை மூடாமல் விட்டிருந்தாலும் தானாகவே அடங்கியிருக்கும்.

அன்றிலிருந்து தன் தப்பைச் சுமந்துகொண்டு அலைகிறாள். வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை. கைடிடம் போனாள். காய்ச்சல் குறைந்துவிட்டதே, பிறகு எது தப்பு, முதலில் தீசிஸை முடி என்றாராம். அதிகாரிகளைப் பார்க்கக் கள்ளக்குறிச்சிக்குப் போனாள். போன வருஷம் நல்ல அறிக்கை கொடுத்த பெண் என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கடைசியில் மாதா கோயிலுக்குப் போய், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாள். "நாலு பேருக்கு நல்லதுதானம்மா நடந்திருக்குது" என்று சாமியாரே சமாதானம் சொல்லிவிட்டார். "பாவம்னு எழுதிக்கக்கூட ஆளில்ல சார்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சந்தைக் கணக்கு இருந்த அத்தியாயத்தை ஆய்விலிருந்து எடுத்துவிட்டாள். அதை எடுத்தபின் ஆய்வில் சொல்லிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை. உதவித்தொகை நின்றது. இப்போது சாயங்காலத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறாள்.

இந்த மார்கழியில் மறுபடி காய்ச்சல் என்று பேச்சு அடிபட்டது. காய்ச்சல் தெரிந்தால் தையிலிருந்து சந்தை கிடையாது என்று ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்துக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான், மலையில் காய்ச்சல் நின்றுவிட்டது. யாரைக் கேட்டாலும் இல்லை என்றார்கள். காய்ச்சல் வந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார்கள். அப்படிக் கிடந்து செத்தவர்களில் பிச்சைமுத்துவின் மனைவியும் ஒருவர்.

துக்கம் விசாரிக்கப் போகிறேன் என்றாள் ஷீபா. தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் மலை பஸ் ஏறினேன். அன்று வியாழக்கிழமை, எப்படித் தெரியும் என்றால், மறுநாள் சந்தை. வழியெல்லாம் பனி.

பிச்சைமுத்து வாசலில் புளி மூட்டைக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தார். எழுந்து ஷீபாவுக்குப் பலகையைத் தள்ளிப் போட்டார்.

"எத்தினி நாளுங்கய்யா காய்ச்சல் இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"காய்ச்சலே இல்லம்மா. சும்மா ஒடம்பு சுட்டுகினு இருந்துச்சு. வயசாயிடுச்சில்ல."

"ஐயா, போன வருசம் நான் சொன்னது தப்புங்க. சந்தையால வரல. நான்தான் தப்பா கணக்குப் போட்டுட்டேன்."

"நீ இன்னாம்மா பண்ணுவ" என்றார் பிச்சைமுத்து. கோபமே இல்லை. அது இருந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குள் எதிர்வீட்டில் சொம்பு உருளும் சத்தம் கேட்டது. பெண்கள் பிள்ளைகளைப் பிடித்து இழுத்து, அந்தக் குளிரில் முகத்தில் தண்ணீரை அடித்து வெளியே அனுப்பினார்கள். மார்கழிப் பனியில் பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றன. மூக்கிலிருந்தும் தாடையிலிருந்தும் நீர் சொட்ட, ஒவ்வொன்றும் நெற்றியை நீட்டியது.

"தொட்டுப் பாரும்மா. எல்லாம் சில்லுனு இருக்குதுங்க" என்றார் பிச்சைமுத்து.

முதலில் நின்றது அவருடைய பேத்தி. ஷீபா துப்பட்டா நுனியால் அந்த நெற்றியைத் துடைத்தாள். கொஞ்ச நேரம் பொறுத்திருந்து உள்ளங்கையை வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"சுடுதுங்கய்யா."

பிச்சைமுத்து தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். "மெதுவா சொல்லும்மா. நாளிக்கு சந்தை."

ஷீபா ஜெர்கினைக் கழற்றிச் சிறுமிக்குப் போட்டுவிட்டாள். பிறகு அடுத்த பிள்ளையை அருகே இழுத்து, அதன் நெற்றி ஈரத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.