ஒச்சம்மாவின் இரண்டு தட்டு

போர்ட் பிளேயரின் லம்பா லைன் சாலையில் ஒச்சம்மா வந்தால் தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டியதில்லை, சத்தத்திலேயே தெரியும். பதினைந்து அடிக்கு ஒருமுறை எதையாவது இரண்டு தட்டுத் தட்டுவாள். விளக்குக் கம்பம், இரும்புக் கேட், யாரோ நிறுத்திவிட்டுப் போன ஸ்கூட்டி, எதுவானாலும் சரி. தட்டிவிட்டு ஒரு கணம் காது கொடுத்து நிற்பாள். அப்புறம்தான் அடுத்த அடி.

மளிகைக் கடை வங்காளி அவளைக் கண்டாலே, "மாஸி, அந்தர் கோயி நஹி!" என்பான். உள்ளே யாரும் இல்லையாம்.

"இருந்தா கேக்கட்டும், இல்லாங்காட்டி போவட்டும். நீ பருப்ப நிறு."

எனக்கு அவள் தம்பி பெண்டாட்டி முறை. என் சித்தி மகன் சிவஞானத்தைக் கட்டியவள். அவளுடைய அப்பாவும் என் சித்தப்பாவும் சிலோனில் ஒரே தோட்டத்தில், அடுத்தடுத்த லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள். ஒரே கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, நிக்கோபாரில் கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் இறங்கினார்கள். அந்தக் கப்பலில் ஒச்சம்மாவோடு ஒரே பாயில் படுத்து வந்தவள் ரெங்கம்மா. பாதிப் பாயில் வாந்தி எடுத்தவள் யார் என்பதில் இருவருக்கும் இன்றுவரை தகராறு.

இருவரும் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார்கள். பக்கத்துப் பக்கத்து வரிசை. நடுவில் புதர் மண்டிக் கிடக்கும், ஒருத்தி முகம் ஒருத்திக்குத் தெரியாது. மரத்தில் உறைந்த பாலைப் பிய்த்துப் போட இடுப்பில் ஒரு தகர டப்பா தொங்கும். ஒரு மரம் வெட்டியதும் ஒச்சம்மா கத்திப் பிடியால் டப்பாவில் இரண்டு தட்டுவாள். ரெங்கம்மா ஒரு தட்டுத் தட்ட வேண்டும். தட்டு வராவிட்டால் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும். அப்படித்தான் ஒருமுறை பூரான் கடித்து மயங்கிக் கிடந்த ரெங்கம்மாவைத் தூக்கி வந்தாள். சுனாமியன்று மேட்டுக்கு ஓடிய கூட்டத்திலும் கூரைத் தகரத்தைத் தட்டித் தட்டித்தான் அவளைக் கண்டுபிடித்தாள்.

இதில் ஒரு சட்டம் உண்டு. நின்ற மரத்திலேயே நின்றுகொண்டு பதில் தட்டக் கூடாது. அடுத்த மரத்துக்குப் போய்த்தான் தட்ட வேண்டும். ஒருத்தி சோம்பினால் இன்னொருத்தியும் நிற்க வேண்டிவரும் அல்லவா, அதற்காக.

சுனாமியில் ஒச்சம்மாவின் வீடு போயிற்று. சிவஞானமும் போனான். அவள் மகள் ராணியோடு போர்ட் பிளேயருக்கு வந்துவிட்டாள். ரெங்கம்மா கட்சாலிலேயே மகன் நந்தகுமார் வீட்டில் இருந்தாள். போன மழைக்காலத்தில் அவளுக்கு வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சும் குழறிப்போனது. இங்கே கொண்டுவந்து ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். மூன்று மாதம் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். வாயில் தெளிவாக வந்த ஒரே சொல், "வூட்டுக்கு."

மருந்தை வீட்டிலேயே கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கப்பல் சீடியை, அந்த ஏணிப்படியை, நினைத்து நந்தகுமாருக்குத்தான் துணிவில்லை. ஒச்சம்மாவிடம் சொன்னான்: "பெரியம்மா, ஷிப்புல சீடி ஏறணும். நம்ம எடத்துல எறங்கணும். அம்மா ஒரு எட்டு வெக்க மாட்டேங்குது. தன்னால சீடி ஏறுனா கூட்டிட்டுப் போறேன். இல்லாட்டி இங்கயே இருக்கட்டும்." அடுத்த கப்பலுக்குப் பதினோரு நாள் இருந்தது.

நானும் சொல்லிப் பார்த்தேன். "இங்க இருந்தா நீயும் தெனம் போய்ப் பாக்கலாம்ல?"

"எனக்காவ அவ செவுத்தப் பாத்துக் கெடக்கணுமா, மதினி?"

மறுநாள் காலை டிபன் கேரியர் மூடியும் கரண்டியுமாகப் போனாள். நானும் கூடப் போனேன். கட்டில் பக்கம் போகவில்லை. கதவுக்கு வெளியே நின்று இரண்டு தட்டினாள். பதில் இல்லை. மறுபடி தட்டினாள். நர்ஸ் சுதா ஓடிவந்து, "யே ஹாஸ்பிடல் ஹை அம்மா, மந்திர் நஹி!" என்றாள்.

"கோயில்னா மணி வெச்சிருப்பேன். செத்த இரு புள்ள."

உள்ளே கட்டில் கம்பியில் டங்கென்று ஒன்று கேட்டது. இடது கையின் வளையல்.

"அடி கெழவி!" ஒச்சம்மா எட்டிப் பார்த்துக் கத்தினாள். "படுத்த மரத்துலயே தட்டுற? கங்காணி கண்டா பேர வெட்டிருவான். எந்திரி!"

மூன்று மாதம் நர்சும் டாக்டரும் கெஞ்சி நடக்காதது அன்று நடந்தது. ரெங்கம்மா முகம் சிவக்க ஏதோ திட்டினாள். சொல் புரியவில்லை, திட்டு என்பது எல்லோருக்கும் புரிந்தது. சுதா தோளைப் பிடிக்க, எழுந்து இரண்டடி வைத்து அடுத்த கட்டிலின் கம்பியைத் தட்டினாள்.

அன்றிலிருந்து ஒச்சம்மா மரம் மரமாகத் தள்ளிப் போனாள். கதவு, வராந்தாத் தூண், தண்ணீர் டிரம், மாடிப்படியின் கைப்பிடி. வராந்தாவில் படுத்திருந்த தெலுங்குக் கிழவர் தூங்க முடியவில்லை என்று புகார் சொன்னார். ஐந்தாம் நாள் அவரே, "இன்னிக்கு எத்தனை தூண்?" என்று கேட்க ஆரம்பித்தார். பத்தாம் நாள் ரெங்கம்மா மாடிப்படியில் ஆறு படி ஏறி உட்கார்ந்துவிட்டாள். சீடிக்கு அது போதுமா என்று யாருக்கும் தெரியவில்லை.

கப்பல் நாள். கப்பல்துறையில் வழியனுப்ப வந்தவர்களைக் கயிற்றுக்கு இப்பால் நிறுத்திவிட்டார்கள். ரெங்கம்மா இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறினாள். பின்னால் நந்தகுமார், தொடாமல், இரண்டு கையையும் விரித்தபடி. பாதியில் அவள் நின்றுவிட்டாள். தூக்கிய காலை மறுபடி அதே படியில் வைத்தாள். பின்னால் மூட்டைகளோடு நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். மேலேயிருந்து கப்பல்காரன், "ஜல்தி கரோ!" என்று அவசரப்படுத்தினான். நந்தகுமார் திரும்பி எங்களைப் பார்த்தான். இறக்கிவிடட்டுமா என்கிற பார்வை.

தட்டுவதற்கு டிபன் கேரியர் இல்லை, ரெங்கம்மாவின் மூட்டையோடு முன்னாலேயே கப்பலுக்குப் போய்விட்டது. ஒச்சம்மா இடுப்பில் சொருகியிருந்த வீட்டுச் சாவியை உருவி, பக்கத்து விளக்குக் கம்பத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

ரெங்கம்மா திரும்பவில்லை. நின்ற படியில் தட்டவும் இல்லை. காலை இழுத்து அடுத்த படியில் வைத்தாள். அதற்கடுத்தது. மேலே போய்க் கப்பல் கதவின் இரும்பில் வளையலால் ஒன்று தட்டினாள். அவ்வளவு இரைச்சலிலும் அது கேட்டது.

நான் ஒச்சம்மா கையைப் பிடித்தேன். "கப்பல் கிளம்புற வரைக்கும் நில்லேன்."

"அவ அடுத்த மரத்துக்குப் போயிட்டா, நான் நிக்கலாமா மதினி?" அவள் கையை விடுவித்துக்கொண்டாள். கப்பலுக்கு முதுகைக் காட்டி, வெளிவாசல் பக்கமாகப் பதினைந்து அடி நடந்து அடுத்த கம்பத்தடியில் நின்றாள். சாவியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாள்.