கலங்கரை விளக்கத்துக்கு வடக்கே

அந்தப் பள்ளிக்கூடத்தில் புவியியல் எடுத்தவரை எல்லாரும் கோடு டீச்சர் என்றுதான் சொல்வார்கள். கரும்பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், வகுப்பை அதட்டிக்கொண்டே ஊர்க் கடற்கரையை ஒரே இழுப்பில் வரைந்துவிடுவார். அதுவும் போதாதென்று, விளம்பரப் பலகை எழுதும் தன் கணவரைப் பாடாய்ப் படுத்தி, வகுப்பின் பின்சுவர் முழுக்க அதே கரையை எண்ணெய்ப் பெயிண்டில் தீட்ட வைத்திருந்தார். "ஆயுசுக்கும் அழியாது" என்று அந்த மனிதர் அன்றைக்கு மார்தட்டிக்கொண்டார்.

இந்த வருஷம் டீச்சரின் பாடத்துக்கே ஆபத்து வந்தது. மேல்வகுப்பில் புவியியலுக்குச் சேருகிற பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். பாடத்தையே எடுத்துவிடலாமா என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆய்வாளர் வருகிறார். அவர் தலையை ஆட்டினால் பாடம் இருக்கும், உதட்டைப் பிதுக்கினால் போச்சு. இத்தனை காலம் மலையையும் ஆற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டு, கடைசியில் நூலகத்தில் புத்தகம் அடுக்க வேண்டியதுதான்.

ஆய்வு என்றால் எல்லா ஆசிரியர்களும் செய்வதைத்தான் அவரும் செய்தார். கேள்வியையும் பதிலையும் சேர்த்தே பிள்ளைகளுக்கு உருவேற்றினார். "ஆறு எங்க கடல்ல சேருது?" என்று கேட்டால், "கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே!" என்று கூரை அதிரும். பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகும் முன் தனியாகப் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வருவது அவர் வழக்கம். இந்த முறை புயலில் ஊரே வீட்டுக்குள் கிடந்தது. புயல் ஓய்ந்ததும் ஓயாததுமாக ஆய்வாளர் வந்து நின்றுவிட்டார். ஆறு எங்கே போய்விடப் போகிறது என்று டீச்சரும் இருந்துவிட்டார்.

ஆறு போய்விட்டிருந்தது.

ஆய்வாளரும் டீச்சரும் பிள்ளைகளும் கடற்கரையில் பேருந்திலிருந்து இறங்கி மணலில் நடந்தார்கள். எதிரே தூரத்தில் கலங்கரை விளக்கம் தெரிந்தது, அங்கே போகத்தான் வழியில்லை. விளக்கத்துக்கு வடக்கே, இந்தப் பக்கமே மணல்திட்டைக் கடல் உடைத்துப் போட்டிருந்தது. அந்த உடைப்பு வழியே ஆறு மொத்தமும் சிவந்து, குமுறிக்கொண்டு கடலுக்குள் பாய்ந்தது. வேரோடு சாய்ந்த மரங்கள் அதில் புரண்டு போயின.

ஆய்வாளர் செருப்பைக் கழற்றித் தண்ணீரோரமாக வைத்தார். கையிலிருந்த பாடக்குறிப்பைப் பார்த்தபடியே கேட்டார். "ஆறு எங்க கடல்ல சேருது?"

"கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே, சார்!"

ஒரு பிள்ளை பாக்கியில்லாமல் கத்தினார்கள். ஆற்றின் சாரல் அவர்கள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. டீச்சருக்கு உடம்பெல்லாம் கூசியது. கண்ணெதிரே ஓடுகிற ஆற்றைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகள் அதை இல்லையென்கிறார்கள். அப்படிச் சொல்ல வைத்தது அவர்தான்.

"இதுக்கு உங்க பாடக்குறிப்புல என்ன இருக்கு டீச்சர்?" என்றார் ஆய்வாளர்.

"ஒண்ணுமில்ல சார். நான் சொல்லிக்கொடுத்தது தப்பு. இது ஆத்தோட புது வாய். நானே இப்பதான் பாக்குறேன்."

சொல்லி முடித்ததும் அவருக்கு ஆய்வாளர் மறந்தே போனார். ஆற்றைப் பார்த்தபடியே நின்றார் டீச்சர். கழிமுகம் இடம் மாறும் என்று வருஷா வருஷம் சொல்லியிருக்கிறார், புத்தகத்தில் அதற்கு நாலு வரி. அந்த நாலு வரி இவ்வளவு பெரிதாக, இவ்வளவு இரைச்சலாக இருக்கும் என்று அவருக்கே தெரியாது. பயமாக இருந்தது. கையெடுத்துக் கும்பிடலாம் போலவும் இருந்தது.

"பழைய இடத்துக்கே திரும்பிப் போயிடுமா டீச்சர்?" என்றான் ஒரு பையன்.

"தெரியலையே கண்ணு. கடல் மட்டம் ஏறிட்டு வருது, புயலும் முன்ன மாதிரி இல்ல. நாமதான் வந்து வந்து பாக்கணும்."

அப்புறம் கேள்வி மேல் கேள்வி. மணலெல்லாம் எங்கே போச்சு, உப்புத்தண்ணி எதுவரைக்கும் ஏறும் என்று பிய்த்து எடுத்துவிட்டார்கள். பாதிக்குத்தான் டீச்சரிடம் பதில் இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே இரைச்சல் அடங்கியது. நுரை ஒரே இடத்தில் சுற்றியது. கரையோரத் தண்ணீர் தயங்கி நின்று, மெல்ல உள்நோக்கித் திரும்பியது. ஓதம் வந்துவிட்டது, கடல் ஆற்றுக்குள் ஏறத் தொடங்கிவிட்டது.

"சார், உங்க செருப்பு ஊருக்குள்ள போகுது சார்!"

ஆய்வாளர் ஓடிப்போய் எடுக்கவில்லை. வாயைப் பிளந்துகொண்டு, தன் செருப்பு ஆற்றை எதிர்த்துப் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெறுங்காலோடு பேருந்தில் ஏறும்போது, "பாடம் இருக்கட்டும் டீச்சர். அடுத்த வருஷமும் நான் வர்றேன்" என்றார்.

"அப்ப செருப்பைக் கையில பிடிச்சுக்குங்க சார்" என்றார் டீச்சர்.

அன்று சாயங்காலமே கரும்பலகைக்கு அடிக்கும் கறுப்புப் பெயிண்டை வாங்கிக் கணவர் கையில் கொடுத்தார். "பின்சுவர்ல கரையோரம் மட்டும் அடிச்சு மறைச்சிடுங்க."

"ஏம்மா, நான் தீட்டினதை நானே அழிக்கணுமா?"

"நீங்க நல்லாத்தான் தீட்டினீங்க. அழியாமத் தீட்டச் சொன்னது நான்தானே."

மனுஷன் முணுமுணுத்துக்கொண்டே அடித்து முடித்தார்.

அடுத்த வகுப்பில் டீச்சர் பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டார். "ஆறு எங்க கடல்ல சேருது?"

ஒருவரும் கத்தவில்லை. பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

"என்னைக்கு, டீச்சர்?"

டீச்சர் பின்சுவரைக் காட்டி அவளிடம் சாக்பீஸை நீட்டினார். "முதல்ல இன்னைக்குத் தேதியை எழுது."