கோதுமை மாவில் பதிந்த காசு

பங்குனி மாதத்து வியாழக்கிழமை அந்தச் செப்புக்காசு கிடைத்தது. சிங்கவரத்தில் அக்கா வீட்டு நிலத்தில் மல்லாட்டைக் கடலைச் செடி பிடுங்கியபோது வேர்மண்ணோடு வந்தது. மிளகை விடச் சற்றுப் பெரியது. அதில் ஒரு கை ஓங்கிய ஆஞ்சநேயர்.

எனக்குச் செஞ்சிக் கடைவீதியில் நோட்டுப் புத்தகக் கடை. பழங்காசுகளில் இருக்கும் உருவங்களைக் கோட்டையிலும் சுற்றுக் கோயில்களிலும் மிஞ்சியிருக்கும் சிலைகளோடு ஒப்பிட்டு எழுதி வைப்பது என் பழக்கம். கை, ஆயுதம், வால், முகம் பார்க்கும் திசை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். கடைசிக் கட்டத்தில் 'பொருந்துகிறது' அல்லது 'பொருந்தவில்லை'. பெரும்பாலும் இரண்டாவதுதான் வரும்.

மறுநாள் அக்காவின் வீட்டுக்காரர் போன் செய்தார். "மச்சான், உன் நோட்ட எடுத்துனு வா. நம்ம கல்லுல இருக்கறவரு காசுல ஏறிக் குந்தினு இருக்காரு."

நம்ம கல் என்றது அவர் நிலத்து ஓரத்தில், சாலையை ஒட்டி நின்ற ஆஞ்சநேயர் பலகைக்கல். மார்பளவு உயரம். சனிக்கிழமைகளில் மாமா அதற்கு எண்ணெய் விளக்கு வைப்பார். சாலையை அகலப்படுத்த அளந்தவர்கள் அதன்மேல் வெள்ளைக் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கல்லை எடுக்கக் கூடாது என்று மனு எழுதி வைத்திருந்தார் மாமா. கொடுக்கப் போனபோது, பழைய கல் என்பதற்கு என்ன ஆதாரம் என்று ஆபீசில் கேட்டுவிட்டார்கள். அந்த ஆதாரத்துக்குத்தான் என்னைக் கூப்பிட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா விளக்கேற்றியிருந்தாள். காசு கறுத்துப் போயிருந்தது. அந்த வெளிச்சத்தில் போனில் படம் விழவில்லை. வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்க்கிறேன் என்றேன்.

"வெள்ளிக்கிழம, வௌக்கு வச்ச நேரத்துல காச வெளிய எடுத்துனு போவியா? தங்கச்சிலைன்னாலும் நாளைக்கு வா."

"அவ அப்பன் வூட்டுக்குப் போவும்போது மட்டும் வெள்ளிக்கிழம பாக்கமாட்டா" என்றார் மாமா.

அக்கா அப்போது சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஓர் உருண்டை வாங்கிக் காசை அழுத்தி எடுத்தேன். அச்சு துல்லியமாக விழுந்தது. பக்கவாட்டில் டார்ச் பிடித்துப் படம் எடுத்தேன். குழிவு, படத்தில் மேடு போலவே தெரிந்தது. அவ்வளவு நன்றாக வந்ததால்தான் மேற்கொண்டு யோசிக்கவில்லை போலும்.

ஞாயிறு காலையில் கல்லருகே நின்று படத்தோடு ஒப்பிட்டேன். காசு அக்காவின் மஞ்சள் டப்பாவில் இருந்தது; படம்தான் இருக்கிறதே என்று அதைக் கேட்கவில்லை. கல்லில் முகம் இடப்பக்கம். என் படத்தில் வலப்பக்கம். ஓங்கிய கையும் மாறியிருந்தது.

"வாலப் பாரு மச்சான். ஊருல எல்லா ஆஞ்சநேயருக்கும் தலைக்கு மேல வளஞ்சி போவும். நம்மாளுக்குத் தோளோட நின்னுடுது. காசுலயும் அப்டித்தான இருக்குது?"

"வால் சரி மாமா. மூஞ்சி வேற பக்கம் பாக்குதே."

"அச்சு அடிச்சவன் பின்னாலேந்து கூப்ட்டிருப்பான். திரும்பிட்டாரு."

நான் சிரிக்கவில்லை. "இது வேற, அது வேற. மனுவுல எழுதாதீங்க. தெரிஞ்சவங்க பாத்தா சிரிப்பாங்க" என்றேன். அவர் மனுவை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என்னை டீக்கடைக்கு அழைத்துப்போனார். மனுவை அவர் கொடுக்கவேயில்லை.

ஆனியில் இயந்திரம் வந்தது. கல் இடுப்போடு உடைந்தது. மேல்பாதியை மாமாவும் இரண்டு ஆட்களும் தூக்கி வேப்பமரத்தடியில் சாய்த்தார்கள். கீழ்ப்பாதி சாலைக்கு அடியில் போயிற்று. ஐப்பசியில் மாமா மாரடைப்பில் போனார்.

காரியம் முடிந்த மறுநாள் அக்கா மஞ்சள் டப்பாவிலிருந்து காசை எடுத்துக் கொடுத்தாள். "இன்னிக்கி வெள்ளி இல்ல. எடுத்துனு போ."

கடையில் பகல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முகம் இடப்பக்கம் இருந்தது. போனில் பழைய படத்தைத் தேடி எடுத்தேன். வலப்பக்கம். மாவில் அழுத்தினால் இடம் வலமாகும் என்பது, பள்ளிக்கூடத்துக்கு ரப்பர் ஸ்டாம்ப் ஆர்டர் எடுக்கிற எனக்குத் தெரியாததல்ல. காசின் அச்சைக் காசு என்றே நோட்டில் எழுதியிருந்தேன். மாமா மட்டும் காசைக் கையில் வைத்துக்கொண்டு கல்லைப் பார்த்தவர்.

அன்றே சிங்கவரம் போய் அக்காவிடம் சொன்னேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப அவரு சொன்னதுதான் சரியா?"

"ஆமாங்க்கா."

"மனு குடுத்திருந்தா கல்லு நின்னிருக்குமா?"

"தெரியலக்கா. இத மாதிரி காசு அடிச்ச காலத்துல நெறைய ஆஞ்சநேயர் செதுக்கியிருப்பாங்க. இதுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது."

"நிக்காது. மிசினு வந்தா எது நிக்குது?" முறத்தைக் கீழே வைத்தாள். "ஆனா அவரு குடுத்திருப்பாரு. நீ சிரிப்பாங்கன்னு சொன்னதுக்கப்புறம் அந்தச் சட்டைய அவரு ரொம்ப நாள் தொவைக்கப் போடல."

வேப்பமரத்தடிக்குப் போனேன். மேல்பாதியில் முகமும் ஓங்கிய கையும் தோளோடு நின்ற வாலும் இருந்தன. காசைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நோட்டில் பழைய வரியை அடிக்கவில்லை. அதன் கீழே அன்றைய தேதியிட்டு, 'பொருந்துகிறது' என்று எழுதினேன். 'முதலில் கண்டவர்' என்று எந்தப் பக்கத்திலும் கட்டம் போட்டதில்லை. அங்கே உட்கார்ந்து ஒன்று போட்டேன்.